ஆங்கிலத்தில் அடுத்தடுத்து வரும் பெயரடைகளுக்கு நடுவில் கமா எப்போது வேண்டும்?

ஒரு பெயர்ச்சொல் எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல்தான் பெயரடை, அதாவது அட்ஜெக்டிவ். இரண்டு பெயரடைகள் சேர்ந்து வந்தால், அவை சம அந்தஸ்தில் நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

‘எ லாங், டயரிங் ஜர்னி’ என்பதில் பயணம் நீளமானது, பயணம் களைப்பூட்டுவது. இரண்டு சொல்லும் தனித்தனியே பயணத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. அதனால் கமா உண்டு. ‘எ ஸ்மால் வுட்டன் பாக்ஸ்’ அப்படியில்லை. ‘வுட்டன்’ முதலில் பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு ‘மரப்பெட்டி’ என்று ஒரே பொருளாகிவிடுகிறது; அந்த மரப்பெட்டியைத்தான் ‘ஸ்மால்’ சின்னது என்கிறது. இங்கே கமா கிடையாது.

ஒரு பலகையை இருவர் ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்குவது போன்றது முதல் வகை. இடம் மாறினாலும் ஒன்றுதான். சட்டைக்கு மேல் கோட்டு போடுவது போன்றது இரண்டாவது. மாற்றிப் போட்டால் சிரிப்பார்கள்.

சந்தேகம் வந்தால் நடுவில் ‘அண்ட்’ சேர்த்துப் பாருங்கள், அப்புறம் இடம் மாற்றிப் பாருங்கள். ‘எ டயரிங் அண்ட் லாங் ஜர்னி’ காதை உறுத்தாது. ‘எ வுட்டன் அண்ட் ஸ்மால் பாக்ஸ்’? வாயே தடுமாறும். அளவு, வயது, நிறம், நாடு, செய்பொருள் என வெவ்வேறு வகைச் சொற்கள் பெரும்பாலும் இதே வரிசையில், கமா இல்லாமலே வரும். விதியை மனப்பாடம் செய்வதைவிட எனக்கு இந்தச் சோதனைதான் கைகொடுக்கிறது.

சிலர் கமா போடும் வேகத்தில் ‘டயரிங், ஜர்னி’ என்றும் எழுதிவிடுகிறார்கள். கடைசிப் பெயரடைக்கும் அதையடுத்த பெயர்ச்சொல்லுக்கும் நடுவில் இந்தக் கமாவுக்கு வேலையே இல்லை.