தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை: ஆர்.சி. கார் கேள்வி பதில்

வேலூரைக் கிண்டல் செய்யப் பழைய பேச்சு ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. ஆர்.சி. கார், அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓடும் குட்டிக் கார், ஓட்டுகிறவனுக்குக் கடைசி இரண்டும் வரம். ஆற்றில் மணல், மலையில் பாறை, வேறென்ன வேண்டும்? மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தக் கார்கள். பன்னிரண்டு வருடமாக உடைத்து மாட்டி, மறுபடி உடைத்துக் கற்றதை வைத்துச் சொல்கிறேன். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

காட்பாடி நண்பர்: பஜாரில் 900 ரூபாய்க்கு ரிமோட் கார் கிடைக்கிறது. நீங்கள் சொல்வதெல்லாம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டும் ரிமோட்டில்தானே ஓடுகின்றன?

கடையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ரிமோட்டில் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்புங்கள். சக்கரமும் லேசாகத் திரும்பினால் ஹாபி கார். ஒரேயடியாக ஓரத்துக்குப் போய் நின்றால் பொம்மை. ஆக்சிலேட்டரும் அப்படித்தான். பொம்மையில் நிற்பது, பறப்பது என்று இரண்டே நிலை.

உள்ளே பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. பொம்மையில் எல்லாம் ஒரே போர்டில் இருக்கும். அது போனால் கார் குப்பைக்கு. ஹாபி காரில் சிக்னல் வாங்கும் ரிசீவர் தனி, ஸ்டியரிங் திருப்பும் சர்வோ தனி, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் இ.எஸ்.சி. தனி. எது போனதோ அதை மட்டும் மாற்றலாம். விலை குறைந்த சில மாடல்களில் ரிசீவரும் இ.எஸ்.சி.யும் ஒரே பெட்டியில் வரும். பரவாயில்லை, அதுவும் ஸ்பேராகக் கிடைக்கும்.

விலை ஏன் இப்படி என்று பலர் திட்டியிருந்தீர்கள். வெளிநாட்டுப் பொம்மை மீதான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. நம் கார்களும் அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டன.

குடியாத்தம், கல்லூரி மாணவர்: அண்ணா, பக்கி, டிரக், கிராலர், டிரிஃப்ட் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். முதல் கார் எது வாங்கட்டும்?

தம்பி, காரைச் சொல்வதற்கு முன்னால் நீ ஓட்டப்போகும் தரையைச் சொல். இந்தக் கேள்விக்கு என் பதில் எப்போதும் அதுதான்.

பாலாற்று மணல், ஏரி வாய்க்கால், கட்டாந்தரை என்றால் பெரிய சக்கரம் வைத்த டிரக் அல்லது தாழ்வான மண்தரை வண்டியான பக்கி, நாலு சக்கர டிரைவ். 1/10 அளவு, அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு, நல்லது. 1/14, 1/16 விலை குறைவு, ஆனால் நம் ஊர்க் கல்லும் பள்ளமும் அவற்றுக்கு மலை மாதிரி. டபிள்யூ.எல். டாய்ஸ் 144001 என்ற 1/14 பக்கியில் நிறையப் பேர் ஆரம்பிக்கிறார்கள். தார் ரோடு, சிமெண்ட் மைதானத்தில் அது பறக்கும். நம் ஆற்று மணலில் வயிறு தட்டி நின்றுவிடும்.

டிரிஃப்ட் கார் வழுக்கிக்கொண்டே திரும்புகிற வண்டி, வழவழப்பான தரை கேட்கும். பேட்மிண்டன் கோர்ட்டோ மூடிய பார்க்கிங்கோ கையில் இல்லை என்றால் அந்தப் பக்கமே போகாதே.

வேலூருக்கு என்று கடவுள் கொடுத்தது கிராலர். நடக்கிற வேகத்தில் பாறை ஏறும் வண்டி. மெதுவாகப் போவதால் உடைவது குறைவு, பேட்டரி ரொம்ப நேரம் நிற்கும், மலையடிவாரம் எல்லாம் மைதானம்தான். இடம் இல்லாதவர்கள் 1/24 அளவில் ஆக்சியல் எஸ்.சி.எக்ஸ். 24 போன்ற குட்டிகளைப் பார்க்கலாம். வாசல்படி, செருப்புக் குவியல், மொட்டை மாடியில் உடைந்த செங்கல் நாலு, அதுவே போதும். எனக்கு ஒரு மழை நாள் முழுக்கச் செருப்புக் குவியலிலேயே போயிருக்கிறது. வீட்டில் திட்டும் கிடைத்தது.

இன்னொன்று. மாடலை முடிவு செய்ததும் பணம் கட்டிவிடாதே. அந்த மாடலின் முன் சஸ்பென்ஷன் ஆர்ம், அதாவது சக்கரத்தைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் கை, இந்தியாவில் எங்காவது ஸ்டாக் இருக்கிறதா என்று தேடிப் பார். சுவரில் இடித்ததும் முதலில் உடைவது அதுதான். ஆர்ம் கிடைக்காத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஷோகேஸுக்குத்தான். வந்த முதல் மாதத்திலேயே இரண்டு செட் வாங்கி வைத்துக்கொள்.

ஆற்காடு: பிரஷ்டு மோட்டார், பிரஷ்லெஸ் மோட்டார். எதற்குக் கூடுதல் காசு?

இது என் தொழில் கேள்வி, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மிக்ஸியில் கார்பன் தேய்ந்து போச்சு என்று மாற்றுகிறோமே, அது பிரஷ்டு மோட்டார். இப்போது கரண்ட் மிச்சம் என்று விற்கும் பி.எல்.டி.சி. ஃபேனில் இருப்பது பிரஷ்லெஸ். கார்பன் உரசல் இல்லை, தேய்மானமும் சூடும் குறைவு, அதே பேட்டரியில் கூடுதல் வேகம். ஆனால் மூன்று ஒயருக்கும் மாற்றி மாற்றிக் கரண்ட் கொடுக்கத் தனி இ.எஸ்.சி. வேண்டும், அங்கேதான் காசு போகிறது.

பிரஷ்டு மோட்டாரில் எண்ணுக்குப் பின்னால் ‘டி’ என்று போட்டிருப்பார்கள். அது காயில் சுற்றின் எண்ணிக்கை. சுற்று கூடினால் வேகம் குறையும், மெதுவாக ஓட்டும்போது கட்டுப்பாடு கூடும். அதனால்தான் கிராலரில் 35டி, 55டி. பிரஷ்லெஸ்ஸில் ‘கே.வி.’ என்று இருக்கும். கிலோவோல்ட் என்று நினைத்து என் கடைக்கே ஒருவர் சண்டைக்கு வந்தார். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான் அது. 3300 கே.வி. மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால், சுமை இல்லாமல் 24,420 சுற்று.

முதல் காருக்கு பிரஷ்டு தப்பே இல்லை. கிராலர் என்றால் பிரஷ்டே போதும். வேகப் பைத்தியம் இருக்கிறவர்கள் முதலிலேயே பிரஷ்லெஸ் வாங்கிவிடுங்கள். எப்படியும் மூன்று மாதத்தில் மாற்றப்போகிறீர்கள்.

சத்துவாச்சாரி, ஒரு அம்மா: பையன் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வேண்டும் என்கிறான். அது தீப்பிடிக்கும் என்கிறார்களே சார், வீட்டில் வைக்கலாமா?

பயப்படுவது நல்லதுதான் அம்மா, அந்தப் பயம் இருந்தால் எதுவும் நடக்காது. முடியவே முடியாது என்றால் நிக்கல் பேட்டரி வாங்கிக் கொடுங்கள். 7.2 வோல்ட், கனம் கூட, வேகம் கொஞ்சம் குறைவு, சாது.

லைப்போ என்றால் சில எண்களை உங்கள் பையன் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஒரு செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போகவே கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஓட்டவில்லை என்றால் 3.8-இல் நிறுத்தி வைக்க வேண்டும். சார்ஜர் பேலன்ஸ் செய்யும் சார்ஜராக இருக்க வேண்டும், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிரப்பும். 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் ஏற்றக் கூடாது. இ.எஸ்.சி.யில் லைப்போ, நிக்கல் என்று தேர்வு இருக்கும். ஹாபிவிங் 1060 என்ற இ.எஸ்.சி.யில் அது ஒரு சின்ன ஜம்பர், இடம் மாற்றிச் செருகும் குட்டி மூடி. லைப்போ போட்டுவிட்டு நிக்கலில் விட்டால், வோல்ட் குறைந்ததும் நிறுத்த வேண்டிய இ.எஸ்.சி. பேட்டரியைச் சாகடித்துவிடும்.

சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. நான் அகலமான மண் சட்டியில் மணல் பரப்பி, அதற்குள் வைத்துத்தான் ஏற்றுகிறேன். பக்கத்தில் இன்னொரு சொம்பு மணல். (பாலாற்றில் அள்ளப் போகாதீர்கள், கட்டடம் கட்டுகிற வீட்டில் கேட்டு வாங்குங்கள்.) மேலே இறுக்கி மூட வேண்டாம், புகை வெளியே போக வழி வேண்டும்.

நம் ஊருக்கென்று தனி எச்சரிக்கை: கத்திரி வெயிலில் பேட்டரியை வண்டி டிக்கியில் வைக்காதீர்கள். வெளியே 40 டிகிரி என்றால் டிக்கிக்குள் அடுப்பு. ஓட்டி முடித்ததும் ஒயரையும் கழற்ற வேண்டும். போன வருடம் சுவிட்சை மட்டும் ஆஃப் செய்துவிட்டு மறந்துபோனேன். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் செல்லுக்கு ஒரு வோல்ட் கூட இல்லை, பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தாலும் இ.எஸ்.சி. சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பினதைக் குத்தவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. திறந்தவெளியில் 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி முழுதாக வடியவிட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

ஆம்பூர்: பத்து நிமிடம் ஓட்டினால் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. மோட்டார் மட்டமா?

பெரும்பாலும் மோட்டார் பாவம். எங்கே ஓட்டினீர்கள்? மணலில் என்றால் வண்டி முழு நேரமும் மேடு ஏறுகிற மாதிரிதான். மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம், அதாவது பினியன், ஒன்றிரண்டு பல் குறைவாகப் போடுங்கள். கொஞ்சம் வேகம் போகும், சூடு நன்றாக இறங்கும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங்கில் மணல் போயிருக்கிறது.

இரண்டு பல்சக்கரமும் இறுக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தாலும் சூடாகும். நோட்டுத் தாள் ஒரு துண்டை இரண்டுக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அழுத்தி ஸ்க்ரூவை முடுக்குங்கள். பிறகு தாளைச் சுற்றி வெளியே எடுங்கள். மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வந்தால் சரி.

80 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் பிரஷ்லெஸ் மோட்டாரின் காந்தம் பலம் இழக்க ஆரம்பிக்கும், அப்புறம் ஆற வைத்தாலும் பழைய பலம் திரும்பாது. நான் மே மாதத்தில் காலை ஆறு முதல் எட்டு வரைதான் ஓட்டுகிறேன். எனக்கும் வெயில் ஆகாது.

பாகாயம்: என் பையனுக்கு எட்டு வயது. 60 கிலோமீட்டர் வேகம் போகும் கார் வாங்கிக் கொடுக்கலாமா?

கணக்கைக் கேளுங்கள். 2 கிலோ கார் 60-இல் வந்து இடிப்பது, 2 கிலோ கல்லை 14 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். கணுக்கால் தாங்காது. வாங்குவதானால் ரிமோட்டில் வேகத்தை 50 சதவீதத்துக்குக் கட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், அந்த அளவை நீங்களே செட் செய்து வையுங்கள். தெருவில் வேண்டாம்.

அப்புறம் ஒரு பழக்கம்: முதலில் ஆன் ஆவதும் கடைசியில் ஆஃப் ஆவதும் ரிமோட். கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி, முதலில் வந்து கடைசியில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் கார் தன் இஷ்டத்துக்கு ஓடிப்போகும் அபாயம் உண்டு.

திருப்பத்தூர்: டிரோனுக்குப் பதிவு, லைசென்ஸ் என்கிறார்களே. இதற்கும் உண்டா?

இல்லை. அந்த விதிகள் பறக்கிறவற்றுக்கு. கோட்டைக்குள் மட்டும் ஓட்டாதீர்கள், தொல்லியல் துறையின் இடம்.

வாலாஜா: அப்பா லாரி வைத்திருக்கிறார். ஆர்.சி.யில் லாரி ஓட்ட ஆசை.

அருமையான ஆசை. டாமியா என்ற ஜப்பான் கம்பெனியின் 1/14 டிரெய்லர் லாரிகளைப் பாருங்கள். மூன்று கியர், நிஜமாகவே ரிமோட்டில் கியர் மாற்றலாம். 40 அடிக் கண்டெய்னர் இந்த அளவில் 87 சென்டிமீட்டர் வரும், அலமாரியில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். விலை மிரட்டும். அதனால் பழைய 1/10 கிராலர் சேஸிஸ் மேல் சன் போர்டு வெட்டி நம்ம ஊர் பாடி கட்டுவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். மரப்பலகை டிப்பர், முன்னால் திருஷ்டிக் கயிறு, பின்னால் அப்பா வண்டியில் எழுதியிருக்கும் அதே வாசகம். எந்தப் பெட்டியிலும் அது வராது.

ராணிப்பேட்டை: புகையும் சத்தமும் வேண்டும். நைட்ரோ இன்ஜின் எப்படி?

அந்தச் சத்தத்துக்கு மயங்கியவன்தான் நானும். ஆனால் முதல் வண்டியாக வேண்டாம். பெட்ரோலில் ஓடாது. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த தனி எரிபொருள், கிடைப்பதே பாடு. மெத்தனால் வயிற்றுக்குள் போனால் கண் போகும், உயிரும் போகும். குழந்தை இருக்கும் வீட்டில் யோசியுங்கள்.

தோரப்பாடி, ஒன்பதாம் வகுப்பு மாணவி: நானே முழுதாக மாட்டுகிற மாதிரி கார் உண்டா அங்கிள்?

உண்டும்மா, அதுதான் இந்த விளையாட்டின் பழைய வழி. டாமியா 1976-இல் போர்ஷே 934-ஐ 1/12 அளவில் விட்டபோதே அது மாட்டுகிற கிட்தான். 1984-இல் வந்த கிராஸ்ஹாப்பர் மறுபடி வெளியாகியிருக்கிறது, முதல் கிட்டுக்கு நல்லது. ரிமோட், சர்வோ, பேட்டரி, சார்ஜர் பெட்டியில் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். முக்கியம்: அதில் இருக்கும் பிளஸ் ஸ்க்ரூ ஜப்பான் அளவு. நம் கடையில் வாங்கும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் சரியாக உட்காராமல் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். என்று கேட்டு ஒன்று வாங்கிக்கொள்.

வாணியம்பாடி: வாட்டர்புரூஃப் என்று போட்டிருக்கிறது. மழைத் தண்ணீரில் விடலாமா?

எலக்ட்ரானிக்ஸ் தாங்கும். பேரிங் தாங்காது. ஈரத்தில் ஓட்டினால் அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றித் துடைத்து, பேரிங்குக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தோல் கழிவு கலந்த குட்டையில் மட்டும் இறக்கவே வேண்டாம். காரைக் கழுவிவிடலாம், அதை எடுக்க நீங்கள் உள்ளே இறங்க வேண்டியிருக்கும்.