கோடிங் வாத்தியார் பதில்கள்

கே: கேம்பஸ் இன்டர்வியூவில் ‘ஹேப்பி நம்பர்’ கணக்கு கேட்டார்கள். ஓர் எண்ணின் இலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டணும். வரும் எண்ணையும் மறுபடி அப்படியே. கடைசியில் 1 வந்தால் ஹேப்பி. என் புரோகிராம் 19-க்கு ஓடியது. 4 கொடுத்ததும் நிற்கவே இல்லை. “லிங்க்டு லிஸ்ட் படிச்சதில்லையா?” என்றார் இன்டர்வியூ எடுத்தவர். எண் கணக்குக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?
– இறுதியாண்டு மாணவர், அம்பாசமுத்திரம்

ப: இருக்கு தம்பி, சொல்லுதேன். லேப்டாப்பை மூடிட்டு பேப்பர்ல போட்டுப் பாரு. 19-க்கு 82, 68, 100, 1. முடிஞ்சுது. 4-க்கு 16, 37, 58, 89, 145, 42, 20, திரும்பவும் 4. இந்த 8 எண்ணுக்குள்ளதான் உன் புரோகிராம் சுத்திக்கிட்டே கெடந்திருக்கு.

எண் பெருசாகிக்கிட்டே போயிராதான்னு கேப்பே. போகாது. 999-க்கே 81-ஐ மூணு தடவை கூட்டினா 243தான். 9999-உம் 324-க்கு இறங்கிரும். எங்க ஆரம்பிச்சாலும் 243-க்குள்ள வந்து மாட்டும்; அப்புறம் வந்த எண்ணு திரும்ப வந்தே தீரும்.

லிங்க்டு லிஸ்ட்னா ஒவ்வொரு பெட்டியும் (அதுதான் நோடு) அடுத்த பெட்டியைக் காட்டுற சங்கிலி. இப்ப ஒவ்வொரு எண்ணையும் ஒரு நோடுன்னு வை. அடுத்து வர்ற எண்ணுதான் அதோட ‘நெக்ஸ்ட்’. லிஸ்ட் போன எடத்துக்கே திரும்பி வந்து சுத்துதான்னு பாக்க ஃபிளாய்டு பேர்ல ஒரு முறை உண்டு: ரெண்டு பாயின்டர் (எந்த நோடுல நிக்கோம்னு காட்டுற குறி), ஒண்ணு ஒரு அடி, மத்தது ரெண்டு அடி. நெல்லையப்பர் கோயில் ரத வீதியில ஒருத்தர் நடந்தும் ஒருத்தர் சைக்கிள்லயும் சுத்தினா, ஏதாவது ஒரு முக்குல சைக்கிள்காரர் பிடிச்சிருவார்லா? பிடிச்ச இடம் 1-ன்னா ஹேப்பி (1-க்கு அடுத்ததும் 1தானே). வேற எண்ணுன்னா இல்ல. ஆரம்பத்துல ரெண்டும் ஒரே எண்ணுல நிக்கும். அதனால முதல்ல நகத்து, அப்புறம் ஒப்பிடு. பிள்ளைக கோட்டை விடுறது இங்கதான்.

வந்த எண்ணையெல்லாம் ஒரு செட்ல (தொகுப்புல) போட்டு வச்சு, திரும்ப வருதான்னு பாக்கலாமேன்னா, பாக்கலாம். இன்டர்வியூல முதல்ல அதையே சொல்லு. நான் எடுத்தா அதுக்கே முழு மார்க். கூடுதல் மெமரி கூடாதுன்னா மட்டும் பாயின்டரை எடு. பைத்தான்ல இலக்கம் பிரிக்கும்போது 10-ஆல வகுக்க ரெண்டு சாய்கோடு போடணும். ஒண்ணு போட்டா தசமம் வந்து கணக்கே கந்தலாயிரும்.

கே: லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பும்போது பாதி லிஸ்ட் காணாமல் போகிறதே?
– வாசகி, பணகுடி

ப: நெக்ஸ்ட்டை மாத்தின உடனே மிச்ச லிஸ்ட்டுக்கு வழி போயிருதும்மா. மாத்துறதுக்கு முன்னால அடுத்த நோடை ஒரு வேரியபிள்ல பிடிச்சு வச்சுக்கோ. முந்தினது, இப்போதையது, அடுத்தது, மூணே பாயின்டர். லூப் முடியும்போது இப்போதையதுல ‘null’தான் (அதாவது எந்த நோடும் இல்ல) நிக்கும். புது ஹெட் (லிஸ்ட்டோட முதல் நோடு) முந்தினது. அதைத்தான் ரிட்டர்ன் பண்ணணும்.