ராத்திரில சாட்டிலைட் படத்துல மேகம் எப்படி தெரியுது? வெள்ளையா இருந்தா கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைல மழை வருமா?

ராத்திரி வர்றது வெளிச்சத்துல எடுத்த போட்டோ இல்லங்க, வெப்பத்த அளந்து போடுற படம், மேகத்தோட உச்சி எவ்ளோ குளிரா இருக்கோ அவ்ளோ வெள்ளையா காட்டுவாங்க, அதனால இருட்டுலயும் தெரியும். நமக்கு இந்தப் படத்த அனுப்புறது இஸ்ரோவோட வானிலை சாட்டிலைட்டுங்க, இன்சாட்-3டிஆர், அப்புறம் 2024 பிப்ரவரில ஸ்ரீஹரிகோட்டால இருந்து போன இன்சாட்-3டிஎஸ். ரெண்டும் கிட்டத்தட்ட 36,000 கி.மீ. உயரத்துல பூமி சுத்துற வேகத்துக்கே சுத்துறதால எப்பவும் இந்தியப் பெருங்கடல் பக்கமே பாத்துட்டு நிக்கும். பகல்ல எடுக்குற படத்துல 1 கி.மீ. வரைக்கும் பிரிச்சு தெரியும், வெப்பப் படத்துல ஒரு புள்ளின்னா 4 கி.மீ., அதுல உங்க தெருவ தேடாதீங்க.

வெள்ளையா இருந்தாலே மழைன்னு நம்பிடாதீங்க. உசரத்துல போற மெல்லிசான பஞ்சு மேகமும் பயங்கர குளிரு, பளிச்சுன்னு தெரியும், ஒரு சொட்டு விழாது (வாட்ஸ்ஆப்ல சுத்துற பாதி பீதி இதான்). அதே படத்த அரை மணிக்கு ஒண்ணா ஓட விட்டுப் பாருங்க, ஒரே இடத்துல வெள்ளை பெருசாகிட்டே நகராம நின்னா அப்ப உஷாராகணும். 2024 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரை ஏறுன அப்புறம் உள்ள வந்து ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுச்சே, கடல்ல மட்டும் கண்ண வெச்சிருந்தவங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது.

படத்து மேல யூடிசின்னு (UTC, உலகப் பொது நேரம்) போட்டிருந்தா, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கோங்க. இஸ்ரோவோட மொஸ்டாக் (MOSDAC) சைட்ல படம் கிடைக்கும், மழை எங்க விழுதுன்னு பாக்க ரேடார் படத்தயும் சேத்து பாருங்க.