புகை அடிச்சும் மலேரியா திரும்ப வருதுன்னா

தண்டையார்பேட்டையில வாரா வாரம் புகை அடிக்குறாங்க, ஆனாலும் பையனுக்கு ரெண்டாவது தடவை மலேரியா, இன்னும் வீரியமா எந்த மருந்து அடிக்கலாம்னு கேட்டிருந்தீங்க. முதல்ல மொட்டை மாடி ஏறி டேங்க் மூடியைத் தூக்கிப் பாருங்க சார்.

கால்வாய் ஓரம் மொய்க்குற கியூலெக்ஸ் கொசு மலேரியா பரப்பாது. நம்ம ஊர்ல பரப்புறது அனாபிலஸ் ஸ்டெபன்சி, அது நல்ல தண்ணி ஆசாமி: டேங்க், சம்ப், கிணறு. புகை பறக்குற கொசுவைத்தான் கொல்லும், தண்ணியில இருக்குற கொசுப்புழுவை ஒண்ணும் பண்ணாது.

டார்ச் அடிச்சுப் பாருங்க. புழு தண்ணி மேல படுத்தாப்ல மிதந்தா அனாபிலஸ், தலைகீழா தொங்கினா வேற கொசு. எங்க டேங்க்ல பைப் நுழையுற ஓட்டை ரெண்டு விரல் அகலம்தான், அதுவே அதுங்களுக்கு வாசல். வலைத்துணி சுத்திக் கட்டினேன்.

கிணறு இருந்தா மாநகராட்சி மலேரியா ஊழியரைக் கூப்பிட்டு டெமிபாஸ்ங்குற புழுக்கொல்லி மருந்து ஊத்தச் சொல்லுங்க, அளவு அவங்களுக்குத் தெரியும். புழுவைத் தின்னுற கம்பூசியா மீனும் விடலாம்.

இன்னொண்ணு, பையனுக்கு வந்தது வைவாக்ஸ் வகை மலேரியாவா? அது ஈரல்ல பதுங்கியிருந்து மறுபடி கிளம்பும், புதுசா கொசு கடிக்கணும்னே இல்ல. ஈரல்ல பதுங்குறதைக் கொல்லுற பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் முழுசா போட்டானா? காய்ச்சல் விட்டதும் நிறுத்தியிருந்தா டாக்டர்கிட்ட அதை முதல்ல சொல்லுங்க.