நிசேகோ பவுடருக்கு 120 மில்லிமீட்டர் ஸ்கீதான் வேண்டுமா?

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 38, உயரம் 176 சென்டிமீட்டர், எடை 76 கிலோ. கடினமான கறுப்புத் தடங்களில் பதற்றமின்றி இறங்குவார், மரங்களுக்கிடையிலும் போய்ப் பழகியவர். பூட்ஸ் சொந்தமானது, கிரிப்வாக் எனும் வளைந்த அடிப்பாகம், சோல் நீளம் 305 மில்லிமீட்டர். ஸ்கீ மட்டும் இதுவரை வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறார். வரும் ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் பவுடர் எனும் தூள்பனிக்காக நண்பர்களோடு ஜப்பானின் நிசேகோவில் இரண்டு வாரம், ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் என்று திட்டம். இணையக் கடை ஒன்று 120 மி.மீ. அகல ஸ்கீயையும் பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கில் டின் எனும் விடுவிப்பு எண் 16 வரை போகும் ஒன்றையும் பரிந்துரைத்திருக்கிறது. மலையேறவும் உதவும் ஹைப்ரிட் பைண்டிங்கைப் போடச் சொல்கிறார் நண்பர். எதைக் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

முதலில் பதில். நடுவில் 108 முதல் 112 மி.மீ. அகலம், 180 முதல் 184 செ.மீ. நீளம், முன்னும் பின்னும் ராக்கர் (முனை மேல்நோக்கி எழும் வளைவு), பாதத்தின் கீழ் கேம்பர் (நடுப்பகுதி தரையை விட்டு எழும்பி நிற்கும் வளைவு). அதன்மேல் டின் 4 முதல் 13 வரையிலான, கிரிப்வாக் ஏற்கும், இறங்குவதற்கு மட்டுமான சாதாரண ஆல்பைன் பைண்டிங். ஹைப்ரிட் இப்போது தேவையில்லை. ஜூனில் குவீன்ஸ்டவுனுக்கு இந்த ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே பருவம் தொடங்கும் மாதம் அது. இயந்திரப் பனி கலந்த கெட்டித் தரைதான் பெரும்பாலும் கிடைக்கும். 85 மி.மீ. அகலத்தை ஒட்டிய ஸ்கீயை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

120 ஏன் வேண்டாம் என்பதை நிசேகோவின் ஒரு நாளைக் கொண்டே சொல்கிறேன். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்க்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, நிசேகோ இருக்கும் ஹொக்கைடோ தீவின் மலைகளில் கொட்டுகிறது. அந்தப் பனி இலகுவானது, ஜனவரியில் ஏறக்குறைய ஓயாமல் விழுவது. இதெல்லாம் உண்மை. ஆனால் இரவில் விழுந்த பனியை முதல் லிஃப்டில் ஏறியவர்கள் காலையிலேயே கலைத்துவிடுவார்கள். அதன் பிறகு மதியம் வரை உங்கள் காலடியில் இருப்பது திட்டுத்திட்டாகக் குவிந்த, வெட்டுப்பட்ட பனி. ஒவ்வொரு முறையும் லிஃப்டுக்குத் திரும்ப, உருட்டிச் சமப்படுத்திய பாதையில் வர வேண்டும். மாலையில் நிசேகோவின் கிராண்ட் ஹிராஃபு சறுக்குத் தளத்தின் விளக்கொளியில் ஓடினால் தரை இன்னும் இறுகியிருக்கும். ஆழ்ந்த பவுடரில் மிதக்கும் நேரத்தைவிட இந்த மற்ற நேரம்தான் அதிகம். ஸ்கீயைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த நேரத்தையும் மனத்தில் வைத்துத்தான்.

அகலம் கெட்டித் தரையில் என்ன செய்கிறது என்பது எளிய கணக்கு. நடு அகலம் 88 மி.மீ. என்றால் பூட்ஸின் மையத்திலிருந்து எஃகு விளிம்பு 44 மி.மீ. தள்ளி இருக்கும். 120 என்றால் 60 மி.மீ. விளிம்பு தள்ளிப்போகப் போக, தரை ஸ்கீயைத் தட்டையாகத் திருப்பப் பார்க்கும் விசை கூடும். அதை எதிர்த்துப் பிடிப்பது உங்கள் கணுக்காலும் முழங்காலும். இரண்டு வாரம் நாள் முழுக்க ஓடப்போகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பவுடரில் மிதக்க வைப்பது அகலம் மட்டுமே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 110க்கும் 120க்கும் அகல வேறுபாடு ஒன்பது சதவிகிதம்தான். முனை எப்படி வளைந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும். இதை உலகுக்குக் காட்டியவர் ஸ்கீ வீரர் ஷேன் மெக்கொங்கி. தண்ணீரில் சறுக்கும் பலகைகளைப் பார்த்து, பனியிலும் பலகை மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 2002இல் வொலான்ட் நிறுவனம் வெளியிட்ட ஸ்பாட்யுலா ஸ்கீ முழுக்க அந்த எண்ணத்தில் உருவானது: இரு முனைகளும் மேலே எழும்பும், அகலம் நடுவில் அதிகம். கெட்டித் தரையில் அது படுத்திய பாடு வேறு கதை. ஆனால் இன்று கடைகளில் இருக்கும் ஒவ்வொரு பவுடர் ஸ்கீயின் முனையிலும் அந்தச் சிந்தனை இருக்கிறது.

அதனால் கடையில் ஸ்கீயைக் கையில் எடுத்ததும் அகல எண்ணைத் தேடாதீர்கள். இரண்டு ஸ்கீகளையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். முன்பக்கம் எங்கே பிரியத் தொடங்குகிறது? நீண்டு, மெல்ல எழும்பினால் முனை பனிக்கு மேலே ஏறி வரும். பின்பக்கமும் சற்று எழும்பியிருந்தால் மரங்களுக்கிடையே வாலைச் சட்டென்று திருப்பலாம், பிர்ச் மரங்கள் நெருங்கி நிற்கும் ஹொக்கைடோ காடுகளில் இது பெரிய வசதி. நடுவில் இரண்டுக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா? அதுதான் கேம்பர். நீங்கள் ஏறி நின்றதும் அது அழுந்தி, பாதத்தின் கீழிருக்கும் விளிம்பைத் தரையில் பதிய வைக்கும். கேம்பரே இல்லாத ஸ்கீ இரண்டு வாரப் பயணத்தின் ஒரே ஸ்கீயாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ராக்கர் உள்ள ஸ்கீயில் கெட்டித் தரையைத் தொடும் நீளம் குறைவு. ஆகவே தடத்தில் ஓட்டும் ஸ்கீயைவிட நீளமாக எடுப்பது வழக்கம். உங்கள் உயரத்துக்கும் திறமைக்கும் 180க்குக் கீழே போனால் ஆழ்ந்த பனியில் முனை அமிழும், வேகத்தில் தடுமாறும். 188க்குப் போனால் மரங்களுக்கிடையே அல்லாடுவீர்கள்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்பன் சேர்த்த இலகு ஸ்கீயைக் கடையில் தூக்கிப் பார்த்தால் ஆசையாக இருக்கும். வெட்டுப்பட்ட பனியில் அதுவே உங்களைத் தூக்கி எறியும். ஒரு ஸ்கீ இரண்டு கிலோவை ஒட்டி இருக்கட்டும்.

பெயர்கள் கேட்பீர்கள். சாலமன் கியூஎஸ்டி பிளாங்க், பிளிசார்ட் ரஸ்ட்லர் 11, நோர்டிகா அன்லீஷ்ட் 108, கே2 மைண்ட்பெண்டர் 108, அட்டாமிக் பென்ட் 110 ஆகியவை இந்த அகல எல்லைக்குள் வருபவை. பென்ட் மென்மையானது, விளையாட்டுத்தனமாக ஓடுவோருக்குப் பிடிக்கும். மைண்ட்பெண்டர் நேராக, வேகமாகப் போகிறவருக்கு. மரங்களும் தடங்களும் கலந்து ஓடும் உங்களைப் போன்றவருக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ரஸ்ட்லர் அல்லது பிளாங்க்.

இனி பைண்டிங். ஸ்கீயைப் பற்றி மாதக்கணக்கில் படிப்பவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். விழும்போது காலை விடுவிப்பது பைண்டிங்தான், நம் கால் எலும்பு அதை நம்பித்தான் இருக்கிறது.

டின் எண் என்பது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்ஸை விடுவிக்கும் என்பதன் அளவு. எடை, உயரம், வயது, ஓட்டும் பாணி, பூட்ஸின் சோல் நீளம் ஆகிய ஐந்தையும் வைத்து ஐஎஸ்ஓ 11088 தர அட்டவணைப்படி அது கணக்கிடப்படுகிறது. நீங்கள் தந்த அளவுகளோடு வேகமாக ஓட்டுபவர் என்ற மூன்றாம் வகையைச் சேர்த்தால் 7, 8 என்ற வட்டாரத்தில்தான் வரும். சரியான எண்ணைத் தொழில்நுட்பர் கணக்கிட்டு, கருவியில் சோதித்து வைக்க வேண்டும். 50 வயதைத் தொட்டதும் அட்டவணை எண்ணைக் குறைக்கச் சொல்லும், அப்போது மறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் எண் பைண்டிங்கின் வீச்சில் நடுவாக அமைய வேண்டும். டின் 6 முதல் 16 வரை உள்ள மார்க்கர் ஜெஸ்டரில் 7 என்பது அடிமட்டத்தில் கிடக்கும். மார்க்கர் கிரிஃபன் 13, டிரோலியா அட்டாக் 14 இரண்டும் 4இல் தொடங்குகின்றன, அங்கே 7 வசதியாக உட்காரும். 16 வரை போகும் பைண்டிங் பாறை முகடுகளிலிருந்து குதிப்பவர்களுக்கும் உடல் எடை மிகுந்தவர்களுக்கும் உரியது. அதை வாங்குவதால் ஓட்டம் மேம்படாது, காசும் எடையும்தான் கூடும். லுக் பிவட் பைண்டிங்கை விரும்புகிறவர்கள் அதன் குதிகால் பகுதி கணைக்கால் எலும்புக்கு நேர் கீழே சுழலுவதைச் சொல்வார்கள். திருகித் திரும்பும் விழுகையில் காலை விடுவிக்க அது உதவுவது உண்மை. வாங்க வசதி இருந்தால் 5இல் தொடங்கும் பிவட் 14 உங்களுக்குப் பொருந்தும்.

சோல் பொருத்தம் அடுத்தது. கிரிப்வாக் பூட்ஸின் அடி வளைந்து, ரப்பர் பதித்திருக்கும். பழைய தட்டையான ஆல்பைன் சோலுக்கு மட்டும் செய்த பைண்டிங்கில் அது மாட்டிக்கொள்ளும், ஆனால் சரியாக விடுவிக்காது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கில் இந்த ஆபத்து உண்டு. பைண்டிங்கில் கிரிப்வாக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுங்கள்.

உங்கள் நண்பரின் யோசனைக்கு வருகிறேன். சாலமனும் அட்டாமிக்கும் 2018இல் கொண்டுவந்த ஷிஃப்ட் போன்ற ஹைப்ரிட்டுகள் நல்ல படைப்புகள்தாம். ஏறும்போது முன்பக்க ஊசிகளில் பூட்ஸைப் பிடித்து நடக்கவிட்டு, இறங்கும்போது ஆல்பைன் பைண்டிங் போல வேலை செய்கின்றன. ஆனால் அதற்கு ஊசித்துளை உள்ள பூட்ஸ் வேண்டும், ஏறும்போது பின்னே வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டை வேண்டும். அதைவிட முக்கியமாக, பனிச்சரிவுக் கருவிகளும் அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும். நிசேகோவில் லிஃப்ட்டுகளே உங்களை உயரே சேர்த்துவிடும். 1,308 மீட்டர் அன்னுபூரி சிகரத்துக்குக் கடைசி லிஃப்டிலிருந்து ஸ்கீயைத் தோளில் போட்டுப் பூட்ஸோடு நடந்தே போகிறார்கள். அதற்கு ஹைப்ரிட் தேவைப்படாது. ஆனால் சறுக்குத் தளத்தின் எல்லையிலுள்ள கேட்டுக்கு வெளியே கால் வைத்தாலே பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி), மண்வாரி, புரோப் (பனியைக் குத்தித் தேடும் நீண்ட கம்பி) மூன்றும் உடன் இருக்க வேண்டும். நிசேகோ விதிகள் கயிற்றைத் தாண்டுவதையும் மூடிய கேட் வழியே வெளியேறுவதையும் தடை செய்கின்றன. எந்தப் பவுடருக்காகவும் அவற்றை மீறாதீர்கள்.

கழன்ற ஸ்கீ வழுக்கி ஓடாமல் தடுக்கும், பைண்டிங்கிலுள்ள பிரேக் ஸ்கீயைவிட அகலமாக இருக்க வேண்டும், ஆனால் 15 மி.மீ.க்கு மேல் கூடினால் பனியில் இழுபடும். 110 மி.மீ. ஸ்கீக்கு 115 அல்லது 120 சரி. ஆழ்ந்த பவுடரில் பிரேக் ஸ்கீயை நிறுத்தலாம், கண்டுபிடித்துத் தராது. கழன்ற ஸ்கீ பனிக்கடியில் புதைந்து, அரை மணி நேரம் தேட வைக்கும். பைண்டிங்கில் கட்டிக் காற்சட்டைக்குள் செருகிவிடும் நீண்ட வண்ண நாடாக்கள் விற்கிறார்கள், ஆழ்ந்த பனியில் அவை உதவும். காலோடு கட்டிவிடாதீர்கள்.

பவுடரில் பைண்டிங் தானாகக் கழன்றது என்று பலர் டின்னை ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். பெரும்பாலும் காரணம் வேறு: பூட்ஸின் அடியிலும் முன்பகுதியின் கீழும் பனி இறுகியிருக்கும், கிளிக் என்று சத்தம் கேட்டாலும் முழுதாகப் பூட்டியிருக்காது. ஒவ்வொரு முறையும் அடியைச் சுரண்டிவிட்டுக் குதிகாலை அழுத்துங்கள்.

பைண்டிங்கைப் பொருத்த வீட்டில் துளையிடாதீர்கள். ஸ்கீக்குள் உலோகத் தகடு இருந்தால் 4.1 மி.மீ., இல்லாவிட்டால் பொதுவாக 3.6 மி.மீ. துளை, ஆழம் 9 மி.மீ. துளைகளின் இடத்தைக் காட்டும் ஜிக் எனும் சட்டமும் பூட்ஸும் கையில் இல்லாமல் இதைச் சரியாகச் செய்ய முடியாது. தயாரிப்பாளர் குறித்த இடத்திலேயே பொருத்தச் சொல்லுங்கள். முன்னே நகர்த்தச் சொல்லும் இணைய ஆலோசனைகள் காற்றில் சுழலும் இளைஞர்களுக்கானவை. முன்னே போகப் போகப் பவுடரில் முனை அமிழும்.

எங்கே வாங்குவது? நிசேகோவில் முதல் இரண்டு நாள்கள் வாடகைக் கடையில் 108உம் 112உம் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள், பல கடைகள் ஒரே வாடகையில் மாற்றித் தரும். பிடித்ததை அங்கேயே, அல்லது திரும்பும் வழியில் தோக்கியோவில் தங்கினால் கந்தா ஒகாவாமாச்சியின் ஸ்கீ கடைத் தெருவில் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். பூட்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது 48 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தவருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி வரைதான் ஜிஎஸ்டி விலக்கு. அதற்கு மேலுள்ள மதிப்புக்கு 9 சதவிகிதம் அறிவித்துக் கட்ட வேண்டும், இதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அடுத்த பயணங்களில், ஹொக்கைடோவின் நியூ சிட்டோசே விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு யமாத்தோ நிறுவனத்தின் ஸ்கீ கூரியர் சேவையில் ஸ்கீயை அனுப்பிவிட்டால் பேருந்தில் சுமக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரே ஒரு வாரம்தான் போவேன் என்பவருக்கு நான் வாடகையைத்தான் சொல்வேன்.

வாங்கிவிட்டால் சிங்கப்பூரின் ஈரக்காற்று உங்கள் ஸ்கீக்குப் பெரும் எதிரி. பனி ஒட்டிய பையோடு வீவக அடுக்குமாடி வீட்டின் ஷெல்டர் எனும் மூடிய அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால், எஃகு விளிம்புகள் சில நாள்களிலேயே துருப்பிடிக்கும். வந்த அன்றே பையிலிருந்து எடுத்து, பைண்டிங்கின் இடுக்குகள் உட்பட நன்றாக உலர்த்துங்கள். விளிம்புகளைத் துணியால் துடைத்து, அடிப்பாகத்தில் மெழுகை விளிம்பையும் மூடும்படி கனமாக உருக்கித் தடவி, சுரண்டாமல் அப்படியே விடுங்கள். சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றோட்டமான அறையில் நிறுத்தி வையுங்கள், மாதம் ஒருமுறை விளிம்பைப் பாருங்கள். அடுத்த பயணத்தில் முதல் நாள் காலை மெழுகைச் சுரண்டி, பைண்டிங்கின் விடுவிப்பை மறுபடியும் கருவியில் சோதித்துவிட்டு லிஃப்டுக்குப் போங்கள்.