யாரைக் கேட்கிறீர்கள் என்று மூளை அலை சொல்லுமா? - கேள்வி பதில்

கேள்வி: இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது நான் யாரைக் கவனிக்கிறேன் என்பதைத் தலையில் ஒட்டிய எலக்ட்ரோடு எப்படிக் கண்டுபிடிக்கும்?

பதில்: பேச்சின் சத்தம் அசைக்கு அசை ஏறி இறங்கும், நொடிக்கு நாலைந்து முறை. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் கோடாக வரைந்தால் மலைத்தொடர் மாதிரி இருக்கும். மூளையின் கேட்கும் பகுதி அந்தக் கோட்டின் பின்னாலேயே போகிறது. நாம் கவனிக்கும் குரல் என்றால் இன்னும் நெருக்கமாக. எனவே எலக்ட்ரோடுகள் எடுக்கும் மூளை மின் அலைப் பதிவை, அதாவது இ.இ.ஜி. பதிவை மட்டும் கொடுத்து, அந்தக் கோட்டைத் திரும்ப வரையக் கணினியைப் பழக்குகிறோம். அது வரைந்ததை இருவரின் கோடுகளோடும் ஒப்பிட்டு, எது அதிகம் ஒத்துப்போகிறதோ அவரைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்கிறோம். அச்சு அசலாக ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். இரண்டு கோடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவு எண் (முழுதாகப் பொருந்தினால் 1) பெரும்பாலும் 0.1, 0.2 அளவில்தான் வரும். முதல் தடவை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நமக்கு வேண்டியது இரண்டில் எது பெரிது என்பது மட்டும்தானே.

கேள்வி: இவ்வளவு சின்ன எண்ணை எப்படி நம்புவது?

பதில்: நேரம் கொடுத்தால் நம்பலாம். 2014-ல் வெளியான ஒரு முக்கியமான ஆய்வில், 60 வினாடிப் பதிவை வைத்துப் பத்தில் ஏறக்குறைய ஒன்பது முறை சரியாகச் சொன்னார்கள். சில வினாடிகளாகக் குறைத்தால் துல்லியம் சரிந்துவிடும். பேச்சோ ஒரு நிமிடத்துக்குள் நாலு பேரிடம் கைமாறிவிடும். உண்மையான சிக்கல் அங்கேதான்.

கேள்வி: ஒரே வினாடியில் 90 சதவீதத்துக்கு மேல் என்று படித்தேனே?

பதில்: எப்படிச் சோதித்தார்கள் என்று பாருங்கள். ஒரே பதிவைத் துண்டு போட்டு, பாதியில் பழக்கி மீதியில் சோதித்தால், கணினி கவனத்தைக் கற்பதில்லை. அந்தப் பதிவின் சாயலை மனப்பாடம் செய்துகொள்கிறது. பேசுபவர் பக்கம் கண் திரும்பினாலும் அந்த அசைவு இ.இ.ஜி.யில் விழும். பழக்காத பதிவு, பழக்காத ஆள் என்று சோதித்தால்தான் நான் நம்புவேன்.

கேள்வி: காது கேட்கும் கருவி அணிகிறேன். கூட்டத்தில் எல்லாக் குரலும் சேர்ந்து பெரிதாகிறது. இது எனக்கு எப்போது உதவும்?

பதில்: தேதி சொல்ல மாட்டேன். ஆய்வகத்தில் இரண்டு குரலும் தனித்தனியாக, சுத்தமாகக் கையில் இருக்கும். உங்கள் கருவிக்கு வருவது கலவை. அதை முதலில் பிரிக்க வேண்டும். அப்புறம், எலக்ட்ரோடுகள் பொருத்தி ஜெல் தடவிய தொப்பியோடு யாரும் வெளியே போக முடியாது. காதுக்குள்ளும் காதைச் சுற்றியும் வைக்கும் எலக்ட்ரோடுகளைச் சோதித்து வருகிறார்கள்.

கேள்வி: இதை வைத்து என் எண்ணங்களைப் படிக்க முடியுமா?

பதில்: முடியாது. வெளியே ஒலிக்கும் குரல்களில் எது என்று மட்டும்தான் சொல்லும்.

கேள்வி: மாணவி நான். சின்னதாகச் செய்து பார்க்க ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஒவ்வொரு காதுக்கும் ஒரு கதையைக் கொடுங்கள், கேட்கச் சொன்ன கதையிலிருந்து முடிவில் நாலு கேள்வி கேளுங்கள், கவனித்தார்களா என்று தெரியும். தாடை அசைத்தாலும் கண் சிமிட்டினாலும் பதிவு கெடும். எல்லாவற்றையும்விட, ஒலி தொடங்கிய நொடியை இ.இ.ஜி. பதிவிலேயே குறித்துவிடுங்கள். மூளையின் பதில் ஒலிக்கு 100, 200 மில்லிவினாடி பின்னால்தான் வரும். நேரம் நழுவினால் எதுவும் பொருந்தாது. அந்தக் குறியைப் போட மறந்து ஒரு வாரப் பதிவை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன்.