இலக்கணம் தெரிகிறது, வாய்தான் வரமாட்டேங்குது!

கேள்வி: திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில லைன் சூப்பர்வைசரா இருக்கேனுங்க. வயசு 41. எட்டு மாசமா புத்தகம் வெச்சு இந்தி படிக்கறேன். எழுதுனா சரியா வருது. டைலருங்ககிட்ட பேசப் போனா நாக்கு ஒட்டிக்குது. பீகார்ல இருந்து வந்த பையன் ஒரே வருசத்துல ‘சொல்லுங்ணா’ங்கறான். எனக்கு வயசாயிடுச்சுங்களா?

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள். மொழி படிய ஒரு பருவம் உண்டு, அது பூப்பெய்தும் வயதோடு முடிகிறது என்று மொழி ஆய்வாளர் எரிக் லென்னெபர்க் 1967-ல் எழுதினார். ஆனால் பிந்திப் படிப்பவர்களுக்கு அது பெரும்பாலும் உச்சரிப்பில்தான் இடிக்கும். நீங்கள் ‘கானா’ என்று சாப்பாட்டைச் சொன்னால் அவர்களுக்குப் பாட்டு என்று கேட்கலாம். போகட்டும்.

சிக்கல் வேறு. படித்துக் கற்பது ஒன்று, தானாகப் படிவது இன்னொன்று என்றார் மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன். படித்த விதி பேச்சைத் தைத்துத் தராது. தைத்து வந்ததைப் பார்க்கிற செக்கிங் ஆள் மாதிரி. எழுதும்போது செக்கிங்குக்கு நேரம் கிடைக்கிறது, லைன் ஓடும்போது ஏது? உங்களிடம் செக்கிங் ஆள் தயார், டைலர்தான் இன்னும் வரவில்லை. பையனுக்கோ நாளெல்லாம் பண்டலும் பிசிறும் கண்ணெதிரே, தமிழ் காதில்.

புரிகிற மாதிரி கேட்டாலே போதும் என்பது கிராஷன் கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. கனடாவில் பிரெஞ்சு வழியில் பல வருடம் படித்த ஆங்கில வீட்டுப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு நன்றாகப் புரிந்தது, பேச்சில் மட்டும் பிழை போகவில்லை. அதைப் பார்த்துத்தான் அங்குள்ள மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் 1985-ல், பேசவும் வைக்க வேண்டும் என்றார்.

ஆகவே மெஷின் பக்கத்தில் நில்லுங்கள். ‘தாகா டூட் கயா’: நூல் அறுந்துபோச்சு. ‘சூயீ டூட் கயீ’: ஊசி உடைஞ்சுபோச்சு. நமக்கு இரண்டும் ‘போச்சு’தான், இந்தியில் நூல் ஆண்பால், ஊசி பெண்பால். உடைந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட ‘கயீ’ லேசில் மறக்காது. டைலர் சொல்வது புரியாவிட்டால் சும்மா தலையாட்டாமல் ‘ஃபிர் ஸே போலியே’ (திரும்பச் சொல்லுங்க) என்று கேளுங்கள். அவர் நிதானமாக, வேறு சொல்லில் சொல்வார். மொழி ஏறுவதே இந்தத் திருப்பிக் கேட்கிற இடத்தில்தான் என்பது மைக்கேல் லாங் என்ற மொழியியலாளரின் வாதம். சூப்பர்வைசர் தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற கூச்சம் இருந்தால், முதலில் அந்தப் பையனிடமே பேசுங்கள். அவனும் தப்பும் தவறுமாகப் பேசித்தானே தேறினான்.

புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஷிப்டு முடிந்ததும், அன்று காதில் விழுந்த இரண்டு வரியை மட்டும் அதில் தேடிப் பாருங்கள்.